ஐசி பக்கம் காவி

அந்த டிக்கெட் மிஷினைக் கண்டக்டர் தட்டுகிறாரே, பார்த்தீர்களா? தட்டினால் வேகம் வராது. பட்டனை அழுத்தி, சீட்டு வெளியே வர இவ்வளவு நேரம் ஆகிறதென்றால் உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றோடு பேச முடியாமல் திக்குகிறது. திக்குகிறவனை முதுகில் அடித்தால் பேச்சு வந்துவிடுமா? போய்ச் சொல்லலாம்தான். நான் சொல்லமாட்டேன். புது ஆளிடம் எனக்கு வாய் வராது. உங்களிடம் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தீர்கள், அதனால் இருக்கும்.

இல்லை, நான் மெக்கானிக் இல்லை. எட்டாவதோடு சரி. கணபதி ஏரியாப் பக்கம் ஒரு தராசுக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தேன். எலக்ட்ரானிக் தராசு. ஸ்டோர் என்றால் ஓர் அறை, அறைக்கு ஒரு ஷட்டர், ஷட்டருக்கு உள்ளே நான். வெளியே நீள மேஜை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். போர்டில் சாமானைக் குத்தி ஈயம் வைப்பது அவர்கள் வேலை. சாமானை எண்ணிக் கொடுப்பது என் வேலை. அரிசியில் பாதி அளவு இருக்கும் சாமான்கூட உண்டு. எதுவும் குறைந்ததில்லை, கூடினதும் இல்லை. பெண்கள் வந்து நின்றால் நான் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கமாட்டேன். வளையலைப் பார்த்து இன்னார் என்று தெரிந்துகொள்வேன். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசவும் மாட்டேன். அது ஒரு மரியாதை. அதனால் என்மேல் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவள் வருகிறவரைக்கும்.

தவமணி என்று பெயர். அவிநாசிக்காரி. வீட்டுக்காரருக்கு விசைத்தறி, அது ஓடாமல் நின்றுபோன பிறகு எங்கள் கம்பெனிக்கு வந்தாள். கை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஈயம் வைத்தால் முத்து மாதிரி நிற்கும். ஆனால் வாய் இருக்கிறதே! மேஜையின் இந்தக் கோடியில் அவள் ஒன்று சொன்னால் அந்தக் கோடி வரை சிரிப்பு போகும்.

ஒரு ஆயுத பூஜை. எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்து, பொரி, கடலை, சுண்டல் எல்லாம் பரப்பியாயிற்று. படையல் முடிகிற நேரத்தில் முதலாளி நந்தகோபால் புதிதாகச் செய்த ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணும் தராசு. பத்து சாமானைப் போட்டுக் காட்டிவிட்டால் அப்புறம் குவியலாகக் கொட்டினாலும் எத்தனை என்று சொல்லிவிடும். இவள் சும்மா இருக்க வேண்டியதுதானே? "சார், தராசு ஒரு பக்கம் எண்ணட்டுங், வெள்ளியங்கிரி அண்ணன் ஒரு பக்கம் எண்ணட்டுங். யார் கெலிக்கறாங்கன்னு பாத்துரலாம்" என்றாள். முதலாளிக்கும் குஷி. என் முன்னால் ரெசிஸ்டர் என்கிற பொடிச் சாமானைக் குவியலாகக் கொட்டினார்கள்.

எண்ணினேன். வேறு என்ன செய்வது? எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். தராசு கொட்டின மாத்திரத்தில் சொல்லிவிட்டது. நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "அண்ணன் எண்ணி முடிக்கறதுக்குள்ள பொரி நமுத்துப் போயிருமுங் சார்."

சிரித்தார்கள். முதலாளி சிரித்தார். காவல்காரர் சிரித்தார். எனக்குச் சந்தனம் பூசிவிட்ட சின்னப் பெண்கூடச் சிரித்தாள். நான் எண்ணி முடித்தேன். தராசு சொன்ன எண்ணைவிட ஒன்று கூட வந்தது. என் எண்ணிக்கைதான் சரி. அதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தால் எல்லாரும் பொரி வாங்கப் போய்விட்டார்கள். அந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து அவள் வளையல் சத்தம் கேட்டாலே எனக்குப் பொரி நெஞ்சில் அடைத்த மாதிரி இருக்கும்.

அதற்கு அடுத்த பங்குனியில் பால் சொசைட்டிக்காரர்களுக்கு ஒரு புதுத் தராசு செய்ய வேண்டிவந்தது. பெரிய ஆர்டர். பாலை வைத்து, உறுப்பினர் நம்பரை அழுத்தினால் எடையைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்துவைக்கிறதுக்குப் போர்டில் ஒரு ஐசி, பூச்சி மாதிரிக் கால் முளைத்த கறுப்புச் சில்லு. மூளை மாதிரி இன்னொரு ஐசி. இரண்டுக்கும் நடுவில் இரண்டே கம்பி. அந்த இரண்டு கம்பி வழியாகத்தான் மூளை கேட்கும், அது சொல்லும். அந்தக் கம்பிக்கு என்ன பெயர் தெரியுமா? பஸ். சிரிக்காதீர்கள், பஸ் என்றுதான் லோகேஷ் சொல்வான். ப்ரோக்ராம் எழுதுகிற இஞ்சினியர் பையன். நல்ல பையன், தலையைச் சொறிந்துகொண்டே இருப்பான்.

முதலாளி தவமணியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏம்மா, இந்த லாட் உன் பொறுப்பு. நல்லபடியாப் போயிருச்சுன்னா லைனையும் ஸ்டோரையும் சேத்து நீயே பாத்துக்க." ஸ்டோரையும்! என் சாவி அவள் இடுப்புக்குப் போகப்போகிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் பக்கம் திரும்பி, "அண்ணன் இருக்கற ஸ்டோருக்கு நான் எதுக்குங் சார்" என்றாள். குத்தல். வேறென்ன?

இப்போது கவனியுங்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அந்தப் போர்டில் இரண்டு வகை ரெசிஸ்டர். பெரியதும் சின்னதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐசியின் பக்கத்தில் இரண்டு வரும், அது சின்ன மதிப்பு. பட்டன் வரிசையில் இரண்டு வரும், அது பெரிய மதிப்பு, பத்து மடங்கு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உடம்பில் போட்டிருக்கிற கலர் பட்டையை வைத்துத்தான் அடையாளம். முதல் பட்டை மஞ்சள், இரண்டுக்கும். இரண்டாவது ஊதா, இரண்டுக்கும். மூன்றாவதில்தான் வித்தியாசம். சின்னதற்குக் காவி. பெரியதற்கு ஆரஞ்சு.

வழக்கமாக லோகேஷ் செய்த மாதிரிப் போர்டை மேஜைக்கு மேலே மாட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். இந்தத் தடவை அவன் மாதிரிப் போர்டில் போட்டிருந்தது வேறு வகை ரெசிஸ்டர். நீல உடம்பு, ஐந்து பட்டை. அதைப் பார்த்து இதை வைக்க முடியாது. அதனால் தவமணி என்னிடம் வந்தாள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. இரண்டு கிண்ணத்தில் எண்ணிப் போட்டு நகர்த்தினேன்.

"ஏனுங்ணா, இதுல எது எங்க வருமுங்?"

"ஐசி பக்கம் காவி" என்றேன்.

"மத்தது?"

"மத்தது மத்த பக்கம்."

ஷட்டரை இறக்கிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. தெளிவாகச் சொன்னேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். இதைவிட எப்படிச் சொல்வது?

போர்டு தயாராயிற்று. மாதிரிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனார்கள். நானும் போனேன், அவர்களுடைய பழைய தராசை எண்ணி வாங்கி வர. காலை நேரம். கேன் தூக்கிக்கொண்டு பெரிய வரிசை. முதல் ஆள் பாலை வைத்தார், நம்பரை அழுத்தினார்கள். தராசு யோசிக்கிறது. யோசிக்கிறது. எல்லாரும் அதன் முகத்தையே பார்க்கிறார்கள். அப்புறம்தான் எண் வந்தது. அடுத்த ஆளுக்கும் அப்படியே. வரிசையில் நின்ற ஓர் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங், உங்க பொட்டி எட போட்டு முடிக்கறதுக்குள்ள என்ற எருமை மறுக்காக் கறக்கற பதத்துக்கு வந்துருமாட்ட இருக்குதே!"

வரிசை மொத்தமும் சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. இனித்தது.

கம்பெனிக்குத் திரும்பி வந்ததும் ஆரம்பித்தது. முதலாளி லோகேஷைப் பிடித்தார். அவன் சொன்னான், "சார், நான் வேகமாத்தான் கேக்க எழுதியிருந்தேன். வேகமாக் கேட்டா அந்த ஐசி பதிலே சொல்றதில்ல. திரும்பத் திரும்பக் கேக்க வேண்டியிருக்குது. அதனால வேகத்தைக் குறைச்சு வெச்சேன். குறைச்சாத்தான் பேசுது." மாதிரிப் போர்டில் வேகமாகவே பேசுகிறது. லாட்டில் மொத்தமாகச் செய்த போர்டு ஒன்றுகூடப் பேசமாட்டேன் என்கிறது. என்ன காரணம்?

முதலில் ஐசி டூப்ளிகேட் என்றார்கள். வேறு கடையில் வாங்கின ஐசியை மாற்றிப் பார்த்தார்கள். அதே கதை. கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார்கள். பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார்கள். அதே கதை. ப்ரோக்ராமில் ஏதோ காத்திருப்பு மிச்சமாக நிற்கிறது என்று லோகேஷ் ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். அப்புறம் ஈயம் சரியில்லை என்று ஒரு பேச்சு வந்தது. ஈயம் என்றால் தவமணி. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போர்டு எல்லாவற்றையும் மறுபடி மேஜையில் பரப்பி, ஒவ்வொரு புள்ளியாக மறுபடி சூடு காட்டினாள். மற்றப் பெண்களை அனுப்பிவிட்டுத் தானே செய்தாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். அவள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "சின்னவளுக்குக் காய்ச்சல், வரியா இல்லையா?" என்று கேட்டதற்கு, "நீங்க போங்க, நான் முடிச்சுட்டு வர்றேன்" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஷட்டருக்கு உள்ளே.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். ஐசி மாற்றுகிறபோதே தெரிந்துவிட்டது. பழைய ஐசியோடு ஒரு போர்டையும் என் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்கள். பார்க்கிறேன், ஐசியின் பக்கத்தில் ஆரஞ்சுப் பட்டை. பட்டன் வரிசையில் காவிப் பட்டை. தலைகீழ்! நான் சொன்னது ஒன்று, இவள் வைத்தது ஒன்று. எல்லாப் போர்டிலும் அப்படியே. அதனால்தான் சாமான் எண்ணிக்கையிலும் பிடிபடவில்லை. இது இரண்டு, அது இரண்டு. மாற்றி வைத்தாலும் கிண்ணம் காலியாகத்தான் ஆகும். என் கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டையால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதோ ஆகும் என்று தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். போர்டைத் துணியால் துடைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் சொல்ல வேண்டும்? என்னை யாராவது கேட்டார்களா? எண்ணுகிறவன்தானே நான். எண்ணத்தான் ஒரு தராசு செய்துவிட்டார்களே, அதையே கேட்கட்டும்.

அப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. நான் அவ்வளவு நிம்மதியாக எந்த வாரமும் வேலைக்குப் போனதில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தால் பழைய சோறுகூட மணத்தது.

நடுவில் ஒரு நாள் அவளே ஷட்டர் முன்னால் வந்து நின்றாள். வளையல் சத்தம் இல்லை. ஈயம் வைக்கத் தொந்தரவு என்று கழற்றிவிட்டாள் போல.

"அண்ணா, உங்களுக்கு ஏதாச்சுந் தோணுதுங்ளா? எனக்கு ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது."

"எண்ணிக்கை சரியாத்தான் குடுத்தேன்."

"எண்ணிக்கையில உங்களை யாருங்ணா குத்தஞ் சொல்லப் போறாங்க" என்றாள்.

பார்த்தீர்களா? அந்த நிலைமையிலும் பொரிக் கதையை விடவில்லை. ஷட்டரை இறக்கினேன்.

கடைசியில் லோகேஷ் எங்கிருந்தோ ஒரு ஸ்கோப் இரவல் வாங்கி வந்தான். கம்பியில் என்ன ஓடுகிறது என்று படமாகக் காட்டுகிற பெட்டி. அன்றைக்குச் சொசைட்டிக்காரர்கள் இரண்டு பேர் முதலாளி அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டரை வைத்துக்கொள்வதா, வேண்டாம் என்பதா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவதாக வந்திருந்தார்கள். லோகேஷ் கத்தினான், "சார், சார், வாங்க சார்!" எல்லாரும் ஓடினோம். நானும் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போனேன். நான் இருக்க வேண்டாமா?

மாதிரிப் போர்டில் மாட்டிக் காட்டினான். கோடு செங்கல் அடுக்கின மாதிரி நேராக ஏறி, நேராக இறங்கியது. லாட் போர்டில் மாட்டினான். இறங்கும்போது நேராக இறங்குகிறது. ஏறும்போது மணல் மேட்டில் ஏறுகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து ஏறுகிறது. உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த இறக்கம் வந்துவிடுகிறது.

"என்னப்பா இது?" என்றார் முதலாளி.

"சார், நம்ம ஸ்டோர் ஷட்டர் இருக்குதில்லீங்களா. கீழ இறக்கறது கை. மேல தூக்கறது உள்ள இருக்கற ஸ்பிரிங். இந்தக் கம்பியும் அப்படித்தானுங். ஐசிக்குக் கீழ இழுக்க மட்டுந்தான் தெரியும். விட்டுட்டா, மேல இழுக்கறது பக்கத்துல இருக்கற இந்த ரெசிஸ்டர். மதிப்பு சின்னதா இருந்தா ஸ்பிரிங் இறுக்கமா இருக்கும், டபக்குனு மேல போயிரும். பெருசா இருந்தா ஸ்பிரிங் தளந்த மாதிரி. மெதுவாத்தான் போகும். அது முழுசா மேல போறதுக்குள்ள அடுத்த எழுத்து வந்தா, எதிர்ல இருக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது. அதனாலதான் மெதுவாப் பேசினா மட்டும் கேக்குது."

மீட்டரை வைத்து அளந்தான். பத்து மடங்கு. பட்டன் வரிசையில் இருந்ததை அளந்தான். அங்கே சின்னது. "மாத்தி வெச்சிருக்குதுங் சார். பட்டனுக்கு எதை வெச்சாலும் வேலை செய்யும், அதனால அந்தப் பக்கம் தெரியல."

எப்படிப்பட்ட நிம்மதி என்று நினைக்கிறீர்கள்! லோகேஷ் துள்ளுகிறான், சொசைட்டிக்காரர்கள் தலையாட்டுகிறார்கள். எனக்கு மட்டும் பயம் வந்துவிட்டது, இத்தோடு முடித்துவிடுவார்களோ என்று. அதனால் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. "யார் மாத்தி வெச்சது?" என்றேன்.

முதலாளி தவமணி பக்கம் திரும்பினார். சொசைட்டிக்காரர்கள் பார்க்கிறார்கள், அவருக்கும் யாரையாவது கேட்டாக வேண்டும்.

"நான்தானுங் சார் வெக்கச் சொன்னேன்" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

அவள் முதலாளி பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தயாராக இருந்தேன். அண்ணன்தான் சொன்னார் என்று சொல்லட்டும், உடனே பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் வேறு மாதிரிக் கேட்டாள்.

"அண்ணா, காவின்னா என்ன கலருங்ணா?"

எனக்கு வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "இத்தனை வருஷமா ஈயம் வெக்கற, காவி தெரியாதா? கோயில் மதில்ல வெள்ளையும் காவியுமா அடிச்சிருக்குமே, அண்ணாந்து பாத்ததே இல்லியா?" என்றேன்.

சிரித்தார்கள். சொசைட்டிக்காரர்கள் சிரித்தார்கள், காவல்காரர் சிரித்தார், மேஜையில் இருந்த பெண்களில்கூட ஒருத்தி சிரித்தாள். லோகேஷ் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "சாமியார் கட்டற வேட்டியும் காவிதானுங்களே... அது ஆரஞ்சு..." என்று முணுமுணுத்தான். அவன் எப்போதும் அப்படித்தான், எதையாவது முணுமுணுப்பான். யாரும் காதில் வாங்கவில்லை.

தவமணி மேஜையில் கிடந்த போர்டை எடுத்து அந்த ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்தாள். அப்புறம், "தப்பு என்னோடதுதானுங் சார். கேட்டுத் தெளிஞ்சிருக்கோணும்" என்றாள். போர்டு எல்லாவற்றிலும் அந்த நாலு ரெசிஸ்டரையும் கழற்றி மாற்றி வைத்துக் கொடுத்தாள். தராசு துப்பாக்கி மாதிரி எண்ணைக் காட்டியது. ஆர்டர் கைவிட்டுப் போகாமல் நின்றது. அவள் நிற்கவில்லை. பொறுப்பு தருவதாகச் சொன்ன பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவில்லை. லாட்டை முடித்துக் கொடுத்த அன்றைக்கே அவள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள். என் சாவி என்னிடமே இருந்தது.

அன்று வீட்டில் ஒரு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "ஏனுங், காவின்னா ஆரஞ்சுதானுங்களே?" நான் சொன்னேன், "நீ பார்த்தது சாமியாரை. நான் பார்த்தது கோயிலை." "அந்தப் புள்ளையும் சாமியாரைத்தான் பார்த்திருக்குமாட்ட இருக்குது" என்றாள். சட்டினி நன்றாக இல்லை என்று எழுந்துவிட்டேன்.

நான் கேட்கிறேன், அந்தப் பட்டையைச் சிவப்பு என்று எப்படிச் சொல்வது? குங்குமம் சிவப்பு. ரத்தம் சிவப்பு. அந்தப் பட்டை அப்படியா இருக்கிறது? மங்கின நிறம், செம்மண் நிறம். சரியான பெயர் காவிதான். சும்மா சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மதிலிலிருந்து உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புச் சில்லு ஒன்றை எடுத்துப் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் காட்ட. இந்தாருங்கள், பாருங்கள். பையில் கிடந்து தேய்ந்து பொடியாகிவிட்டது. கொஞ்சம் வெளுத்தும் இருக்கிறது. இந்தக் காலை இளவெயிலில் பார்க்காதீர்கள். இந்த வெளிச்சத்தில் எல்லாமே ஆரஞ்சாகத்தான் தெரியும்.

சரி, மடித்து வைத்துவிடுகிறேன்.

அதன்பிறகு பழி தீர்ந்தது என்று இருந்தேன். தீரவில்லை. தீர்ந்திருந்தால் உங்களிடம் எதற்கு இத்தனை பேச்சு? அவள் அன்னூரில் ஒரு ஷெட் பிடித்து, தானே போர்டு செய்து கொடுக்க ஆரம்பித்தாள். எங்கள் மேஜையிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக அங்கே போனார்கள். எங்கள் முதலாளிக்கு வயதாகி, மகன் வந்து உட்கார்ந்தான். அவன் ஒரு பகுதி வேலையை அவளுக்குக் கொடுத்தான், அப்புறம் பாதி, அப்புறம் முழுக்க. போன மாதம் ஸ்டோரில் இருந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றி அன்னூருக்கு அனுப்பிவிட்டார்கள். நான்தான் எண்ணி ஏற்றினேன். சாவியை மகன் கையில் கொடுத்தபோது அவன் சொன்னான்: "தவமணியம்மா போன் பண்ணிச்சுங்க. சாமானோட வெள்ளியங்கிரி அண்ணனையும் அனுப்பி வெச்சுருங்க, அண்ணன் கை படாம எண்ணிக்கை நிக்காதுங்கறாங்க."

அங்கேதான் போகிறேன். இன்றைக்கு முதல் நாள்.

அப்படிப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரியும் இப்படித்தான் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு, பாருங்க" என்றாள். மனசாவது! அவளுக்குப் புரியவில்லை, உங்களுக்காவது புரிய வேண்டும். இத்தனை வருடத்தில் தவமணி ஒருவரிடமும் "அண்ணன்தான் காவின்னு சொன்னார்" என்று சொன்னதில்லை. முதலாளியிடம் இல்லை, மகனிடம் இல்லை, கூட இருக்கிற பெண்களிடம் இல்லை. விசாரித்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் பதில் சொல்லிவிடுவேன். பதில் என்னிடம் தயாராக இருக்கிறது. கோயில் மதில், செம்மண், குங்குமம், எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறேன். அவள் வாயைத் திறந்தால் போதும், ஒரே பேச்சில் முடித்துவிடுவேன். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் தப்பு தன்னுடையது என்று அன்றைக்கே சொல்லி, என் வாயை அடைத்துவிட்டாள். தப்பு என்னுடையது என்று சொல்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? இத்தனை வருடமாக நான் ஜெயித்ததை அனுபவிக்க முடியாமல் வைத்திருக்கிறாளே, இதைவிடப் பெரிய வஞ்சம் உண்டா?

ஆனால் இங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள். என்னைக் கூப்பிட்டுவிட்டாள். இனி தினமும் அவள் கண் முன்னாலேயே உட்காரப் போகிறேன். எத்தனை நாள் சொல்லாமல் இருப்பாள்? ஒரு போர்டு கெடட்டும், ஓர் ஆர்டர் திரும்பட்டும், கோபத்தில் ஒரு நாளாவது வாயிலிருந்து வந்துவிடாதா? வரும்வரைக்கும் நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

அதோ, அன்னூர் வந்துவிட்டது. பையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள், இறங்க வேண்டும். பாருங்கள், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறாள். தலை நரைத்துவிட்டது. ஸ்கூட்டர் கொண்டுவந்திருக்கிறாள். கை வேறு காட்டுகிறாள், "அண்ணா, இந்தப் பக்கமுங்" என்று. பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவாளாம்.

சரி, உட்காருகிறேன். ஷெட் போய்ச் சேருகிறவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவளே ஆரம்பிக்கட்டும்.